பஸ் நின்றால் ஓர் ஆழாக்கு

அடுப்பில் உலை கொதிக்கிறது. களைந்த அரிசியோடு நாகப்பன் ரோட்டுப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார். மத்தியான பஸ் வாசலில் நின்றால் ஓர் ஆழாக்கு அரிசி கூடுதலாகப் போடுவார். நிற்காமல் போனால் தனக்கு மட்டும்.

மணிமங்கலம் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் போகும் ரோட்டில், ஏரியைப் பார்த்தாற்போல் இருக்கிறது அந்தப் பங்களா. வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு ஜமீன்தார் வேட்டைக்கு வந்தால் தங்கக் கட்டியது. இப்போது இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறார்கள். சமையல், காவல், பெருக்கல் எல்லாம் நாகப்பன்தான். பெண்டாட்டி போய்ச் சேர்ந்து வெகு காலமாகிறது. ஆள் வராத நாளிலும் கொசுவலை கட்டி, கூஜாவில் தண்ணீர் மாற்றி வைக்கிறார். தங்கப் போயிருந்த நான், யாருக்கு என்று கேட்டேன்.

"யாருக்குன்னா இன்னா சார்? ரூமுக்கு."

முன்பெல்லாம் பங்களாவுக்கு ஆள் வந்தால்தான் பஸ் அங்கே நிற்கும். இப்போது எதிரே ஏதோ கம்பெனிக்கு ஷெட் கட்டுகிறார்கள். கொத்தனாரும் சித்தாளும் இறங்குவதற்காக தினமும் நிற்கிறது. மனிதருக்கு இது நன்றாகத் தெரியும். இருந்தும் ஆழாக்கு விழுந்துவிடுகிறது. "பசியோட ஒருத்தர் எறங்கி வந்து, சோறு இல்லன்னு சொன்னா நல்லாவா கீது?" நியாயமான பேச்சுதான். மிஞ்சிய சோறு மறுநாள் அவருக்குப் பழையதாகிறது.

நான் தங்கிய மூன்று நாளும் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. இட்லியில் கை வைப்பதற்குள் மத்தியானக் குழம்பு என்ன என்று கேட்பார். கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்றால் மட்டும் கேட்கமாட்டார்.

"கெஸ்ட் சாப்ட்டப்புறம்தான் சார் நமக்கு."

"கெஸ்ட்டே இல்லாத நாளில்?"

"அதான் சார், எப்ப சாப்புடறதுன்னே தெரியல."

கடைசியாக அந்த வீடு நிறைந்தது இந்த மே மாதம். ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த பிறகு, பத்திரிகைக்காரர்கள் வராந்தாவில்கூடப் படுத்திருந்தார்களாம். சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. "ஊரே அழுவுது சார். நான் இன்னாடான்னா அடுப்பாண்ட பாடிக்கினு கீறேன். தப்புதானே?"

அதற்கப்புறம் போலீஸ் கெடுபிடிக்குப் பயந்து யாரும் வருவதில்லை. தை பிறந்ததும் பூட்டிவிடலாம் என்று மெட்ராஸிலிருந்து முதலாளி சொல்லியனுப்பியிருக்கிறார். நாலு பேர் வந்து போய்க்கொண்டிருந்தால் பூட்டமாட்டார் என்று இவருக்கு ஒரு நம்பிக்கை.

நான் கிளம்பியது மத்தியான பஸ்ஸில். ஷெட்டில் அன்று லீவு. வாசலில் ஒரு ஈ காக்காய் இல்லை. பெட்டியைத் தூக்கி வந்தவர், "சாப்ட்டுட்டு அடுத்த பஸ்ஸுல போலாமே சார்" என்று நாலாவது தடவையாகக் கெஞ்சினார். பஸ் வந்து நின்றது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியே கையாட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து, பின்படியில் யார் இறங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

யாரும் இறங்கவில்லை. பஸ் நகர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். மடியில் செருகியிருந்த ஆழாக்கை உருவிக்கொண்டு, சமையலறைப் பக்கம் வேகவேகமாக நடந்துகொண்டிருந்தார்.