கராச்சுக் குசினியும் வெறும் தட்டும்

டெனிஷ் சிற்றூரான கிரின்ஸ்டெட்டில் நாங்கள் வீடு வாங்கிய தெரு ஒரு பக்கம் அடைத்தது. உள்ளே வருகிற கார் கடைசி வீடுவரை போய், வந்த வழியே திரும்ப வேண்டும். அங்கே குடியிருப்பவர்களின் யோசனையும் அவ்வளவு தூரம்தான் ஓடும்.

எல்லா வீட்டுக்கும் ஒரே செங்கல், ஒரே உயரத்தில் பச்சை வேலி. உயரம் தவறினால் குடியிருப்போர் சங்கத் தலைவர் அளவுகோலோடு வந்து நிற்பார். ஓய்வு பெற்ற மனிதர். வேறு வேலை இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் பிறந்தநாள் என்றால் டெனிஷ் கொடி ஏற்றுவார்கள். ஒரு வீட்டில் நாயின் பிறந்தநாளுக்கும் ஏறியது. புல் வெட்டும்போது எங்களைக் கண்டால் கை காட்டுவார்கள். அந்தக் கை காட்டலோடு உறவு முடிந்தது. பக்கத்து வீட்டின் உட்புறம் என்ன நிறம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எங்கள் தமிழ்ச் சனம் மட்டும் திறமோ? தலைநகர்ப் பக்கம் ஹ்விடோவ்ரேயிலிருந்து வீடு பார்க்க வந்தவர்கள் சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்னமே அறைகளை எண்ணத் தொடங்கினார்கள். ஒரு மாமி குளியலறைக்குள் போய் ஷவரைத் திறந்து பார்த்தார். "பரவாயில்லை, தண்ணி நல்லா வருது" என்று அம்மாவுக்குச் சான்றிதழும் கொடுத்தார்.

அந்த மாமி மெச்சாமல் விட்ட இடம் ஒன்றுதான்: கராச். அதில் கார் நின்றதே இல்லை. அம்மா அங்கே காஸ் அடுப்பை வைத்து, பெரிய தாச்சியை ஏற்றி, ஒரு மேசையும் போட்டு, அதைத் தன் குசினி ஆக்கிவிட்டார். பொரிக்கிற மணம் வீட்டுக்குள் வந்தால் உடுப்பிலெல்லாம் ஏறிவிடும் என்று எங்கள் ஆட்கள் அநேகர் செய்கிற ஏற்பாடுதான். கிழமை முழுக்க அம்மா முதியோர் இல்லத்தில் டெனிஷ் கிழவிகளைக் குளிப்பாட்டி, மற்றவர்கள் சொல்கிற நேரத்தில் ஓடித் திரிவார். சனிக்கிழமை கராச்சில் அவர்தான் ராணி. தேவாலயத்தில் மாதத்துக்கொரு முறை நடக்கும் தமிழ்ப் பூசைக்குப் பிறகு மண்டபத்தில் எல்லோரும் அம்மாவின் மட்டன் ரோல்ஸுக்காகக் காத்து நிற்பார்கள். அம்மாவுக்கு இந்த நாட்டில் தனக்கென்று இருந்த பெருமை அது ஒன்றுதான்.

நான் ஓல்போர்க்கில் படிக்கிறேன். சனி ஞாயிறுகளில் வந்தால், கராச்சில் அம்மா பொரிக்க, வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்ப்பேன். பல் வைத்தியரிடம் வேலை செய்கிறவள். எப்போதும் ஒரு பற்சிரிப்பு. அவளுக்கு ஆசை வந்துவிட்டது என்றே அம்மா நினைத்தார். ஒவ்வொரு முறையும் ஒரு தட்டில் சூடாகப் போட்டு என்னிடம் கொடுத்துவிடுவார். அடுத்த நாள் தட்டு கழுவித் துடைத்து வாசலில் இருக்கும். வெறும் தட்டு.

"ஒரு தேசிக்காய்கூட இல்லையாமோ வீட்டிலை?" என்று அம்மா தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "கொஞ்சம் சீனியெண்டாலும் போட்டுத் தந்திருக்கலாம்."

"இவையளுக்கு அந்தப் பழக்கமில்லை அம்மா."

"பழக்கமில்லையோ, மனமில்லையோ?"

எங்கள் வீட்டில் அயலவரின் பாத்திரம் வெறுமையாகத் திரும்பியதில்லை. வெறும் பாத்திரம் கொடுத்தால், இனி உன்னோடு ஒன்றுமில்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. இருந்தும் அம்மா தட்டு அனுப்பிக்கொண்டே இருந்தார்.

பிறகு ஒரு வசந்தத்தில் சங்கக் கூட்டத்துக்கு ஒரு பிரேரணை வந்தது: கராச்சுகளில் சமைப்பதைத் தடை செய்தல். யாருடைய பெயரும் போடவில்லை, அவ்வளவு நாகரிகம். தெரு முழுக்கக் கராச்சில் சமைக்கிற வீடு ஒன்றே ஒன்று.

நான் கொதித்தேன். "கராச் எங்கடை, காஸ் எங்கடை. நகரசபைகூட இதிலை தலையிடாது. நான் கூட்டத்திலை கதைக்கிறன்."

"சும்மா இரு பிள்ளை" என்றார் அப்பா. "ஊரிலை ஒரு வேலிக் கதியால் தள்ளிப் போட்டதுக்கு வழக்கெண்டு கோடேறின ஆக்கள் நாங்கள். இவங்களைப் பாத்துச் சிரிக்கேலாது."

அம்மா எங்கள் இருவரையும் கணக்கெடுக்கவில்லை. "ஒருத்தரும் கதைக்க வேண்டாம். நான் ரோல்ஸ் கொண்டு வாறன். வாயிலை வைச்சவன் கையைத் தூக்க மாட்டான்."

கூட்டம் தலைவரின் வீட்டுக் கார்க் கொட்டகையில் நடந்தது. தண்ணீர் மாதிரிக் கோப்பி, காய்ந்த பிஸ்கற். அம்மாவின் தட்டைக் கண்டதும் ஆளுக்காள் எழுந்து வந்தார்கள். அந்தத் தெருக்காரர் அத்தனை பேரும் ஒன்றாக நகர்ந்ததை அன்றுதான் பார்த்தேன். அம்மா வேண்டாம் என்றும் கேளாமல், நான் எழுதிக்கொண்டு போனதை வாசித்தேன். தலையாட்டினார்கள். "நல்ல கருத்துப் பரிமாற்றம்" என்றார் தலைவர், வாயில் ரோல்ஸோடு. பிறகு, தடையை ஆதரிப்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார்.

தூக்கினார்கள். எண்ணெய் மினுங்குகிற விரல்களோடு தூக்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரி மட்டும் கொஞ்சம் பண்பானவள்; கடதாசியில் விரலைத் துடைத்துவிட்டுத் தூக்கினாள். கடைசியில், இது எவருக்கும் எதிரானதல்ல என்று சொல்லி, உணவுக்காக அம்மாவுக்குக் கைதட்டினார்கள். அம்மாவுக்கு டெனிஷ் நன்றாகவே விளங்கும். தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவர், எங்கள் வாசலில்தான் வாய் திறந்தார்.

"திண்டிட்டெல்லோ தூக்கிறாங்கள்."

அதற்குப் பிறகு அம்மா உள்ளே பொரித்துப் பார்த்தார். திரைச்சீலை, மெத்தை, அப்பாவின் வேலைக் கோட்டு எல்லாம் மணத்தன. தொழிற்சாலையில் ஒருவன் அப்பாவைப் பார்த்து மூக்கைப் பொத்தினானாம். அந்த மாதப் பூசைக்கு அம்மா கடைக் கேக் கொண்டு போனார். மண்டபத்தில் ஒருத்தி விடவில்லை: "என்னக்கா, ரோல்ஸ் எங்கை? வீடு வாங்கினோடனை டெனிஷ்காரி ஆயிட்டியளோ?" எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார்.

சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை பக்கத்து வீட்டுக்காரி எங்கள் கதவைத் தட்டினாள். முதல் தடவை. கையில் அகலமான வெள்ளைத் தட்டு. தேவாலயத்தில் மகனுக்கு உறுதிப்பூசுதலாம், அதற்கு விருந்தாம். கூட்டத்தில் தின்ற அந்தச் சுருள்களைப் பற்றி இன்னும் கதைக்கிறார்களாம். இந்தத் தட்டு நிறையச் செய்து தர முடியுமா?

"எங்கே வைத்துப் பொரிப்பது?" என்று டெனிஷில் கேட்டேன்.

"ஏன், உங்களுக்கு ஒரு சமையலறை இருக்கிறதுதானே!" என்றாள். அதே பற்சிரிப்பு.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா வந்து தட்டை வாங்கிக்கொண்டார். பார்த்துச் சொல்கிறேன் என்று அவளை அனுப்பினார். எனக்கு அம்மாவிலும் ஆத்திரம் வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் இவர் பொரிக்கப் போகிறாரோ?

அம்மா தட்டைக் கழுவினார். ஈரம் போகத் துடைத்தார். என்னிடம் நீட்டினார்.

"கொண்டுபோய்க் குடு."

"வெறுமனையோ?"

"ஓம். வெறுமனை."

சீவியத்தில் அம்மா செய்யாத காரியம். அவருக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை அதுதான். நானும் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வேலியைச் சுற்றிப் போனேன்.

பக்கத்து வீட்டுக்காரி தட்டைப் பார்த்தாள். "ஓ, முடியாதா? பரவாயில்லை" என்றாள். பிறகு அவள் முகம் மலர்ந்தது. "கழுவிக்கூடத் தந்திருக்கிறீர்கள்! எவ்வளவு அன்பு. அம்மாவுக்கு நன்றி சொல்லு."

அம்மா குசினி வாசலில் காத்து நின்றார். "என்னவாம்? முகம் எப்பிடிப் போச்சு?"

"நன்றி சொன்னவ. கழுவிக் குடுத்ததுக்கு."

"நன்றியாமோ?"

அந்தப் பெண்ணுக்குக் குத்தினாலும் வலிக்காது என்பது அன்றுதான் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். பிறகு விறுவிறென்று கராச்சுக்குப் போனார். முன்பெல்லாம் பாதி திறக்கிற கதவை முழுக்க மேலே தள்ளினார். தாச்சியை ஏற்றி அடுப்பைப் பற்ற வைத்தார்.

அப்பா ஓடி வந்தார். "இஞ்சரும், வோட்டுப் போட்டவங்களெல்லோ!"

"போட்டவை வந்து அடுப்பை நூக்கட்டும்."

ஒருவரும் வரவில்லை. எதிர்வீட்டுத் திரைச்சீலைகள் அசைந்தன, அவ்வளவுதான். அடுத்த சனியும் அப்படியே. கூட்டமாக இருந்தால் கை தூக்குகிற சனம், தனியாக வந்து ஒரு வாசல் மணியை அடிக்காது. ஒரு நாள் தலைவர் அளவுகோலோடு எங்கள் வேலிவரை வந்தார். திறந்திருந்த கராச்சைப் பார்த்தார். கொதிக்கிற எண்ணெயைப் பார்த்தார். பிறகு குனிந்து வேலியை அளந்தார். நிமிர்ந்து கை காட்டிவிட்டுப் போனார்.

அம்மா கரண்டி பிடித்த கையைத் தூக்கிப் பதிலுக்குக் காட்டினார்.