மூன்றாவது சில்லின் தாமதம்

நோர்வேயில் நாங்கள் இருக்கும் ஹொல்ம்லியாவில் பள்ளிக்கூட வாத்தியக் குழுவுக்காக வசந்த காலத்தில் பழைய சாமான் சந்தை போடுவார்கள். உடற்பயிற்சி மண்டபம் முழுக்கப் பனிச்சறுக்குக் கட்டைகளும் தேநீர்க் கோப்பைகளும் கால் ஆடும் நாற்காலிகளும் பரப்பிக் கிடக்கும். நான் கேக் தட்டு ஒன்று தேடிப் போயிருந்தேன். சுருட்டி வைத்த கம்பளங்களுக்குப் பக்கத்தில் அது நின்றது. காசு போட்டு, பக்கத்தில் இருக்கும் கையைப் பிடித்து இழுக்கிற சூதாட்டப் பெட்டி. நோர்வேக்காரர்கள் இதை ஒற்றைக்கைக் கொள்ளைக்காரன் என்பார்கள். கண்ணாடிக்குப் பின்னால் சக்கரம்போல் சுழலும் மூன்று சில்லுகள். அவற்றில் செர்ரிப் பழம், மணி, எலுமிச்சை.

"இது வேலை செய்யாது. யாரும் எடுக்காவிட்டால் பழைய இரும்புக்குத்தான் போகும்" என்றார் விற்றுக்கொண்டிருந்தவர்.

"வேலை செய்யவைப்பேன்" என்றேன்.

வாய்வீச்சுக்குச் சொல்லவில்லை. டிராம் கதவுகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். பணிமனையில் நான் சேர்ந்தபோது பெண்ணென்று ஒரு மாதிரிப் பார்த்தவர்கள் இப்போது கதவு சிக்கினால் என்னைத்தான் தேடுகிறார்கள். சுழல்வதும் பூட்டுவதும் திறப்பதும் எப்படி என்று எனக்குத் தெரியும்.

ஆனால் அதை வாங்கியதற்குக் காரணம் வேறு. கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் டென்மார்க்குக்குப் போய்வரும் கப்பலொன்றின் சமையற்கட்டில் வேலை செய்தார். கப்பலின் மேல்தளத்தில் இந்த மாதிரிப் பெட்டிகள் வரிசையாக நின்றன. வேலை முடிந்ததும் படுக்கப் போகாமல் அங்கேதான் போவார். சம்பளம் வீட்டு வாசலைக் காணாத மாதங்கள் இருந்தன. ஒருநாள், வயிற்றில் பிள்ளையோடு துறைமுகத்துக்கே போய், இறங்கி வந்தவரை மறித்து, "கப்பலோ வீடோ, ஒண்டைச் சொல்லுங்கோ" என்று கேட்டேன். வீடு என்றார். பேருந்து ஓட்டப் பழகினார். மகளும் வளர்ந்து பேர்கனில் வேலைக்குப் போய்விட்டாள். அந்தப் பெட்டிகளைப் பற்றி மட்டும் நாங்கள் இருவரும் அதற்குப் பிறகு வாய் திறந்ததில்லை.

என் புருஷனை அப்படிப் பிடித்து வைத்திருந்தது எது என்று ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும்போல் எனக்கு வெகுநாளாக இருந்தது.

இரண்டு பேர் தூக்கிக் காரில் ஏற்றினார்கள். வீட்டில் இறக்க அவர்தான் வந்து கைகொடுத்தார். மேலே மூடியிருந்த போர்வையை விலக்கியதும் அவர் முகம் இறுகிவிட்டது.

"இதை ஏன் கொண்டு வந்தனீர்?"

"உள்ளுக்கை என்ன கிடக்கெண்டு பாக்க."

"பாத்து?"

"திருத்துவன்."

குசினிக்குள் போய்த் தேநீருக்கு அடுப்பில் தண்ணீர் வைத்தார். எனக்குக் கொஞ்சம் யோசனையாகத்தான் இருந்தது. ஆனால் அவரையும் எனக்குத் தெரியும், இரும்பையும் எனக்குத் தெரியும்.

பெட்டியின் பின்கதவைத் திறந்ததும் பழைய எண்ணெயும் சிகரெட்டும் கலந்த நாற்றம் அடித்தது. கிரீஸ் காய்ந்து தேன்மெழுகு மாதிரி இறுகியிருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் பழுதுபார்க்கிறேன் என்று அதன்மேலேயே இன்னும் கிரீஸைப் பூசியிருந்தார். சில்லுகளைத் தண்டோடு கழற்றி, ஒவ்வொரு துண்டையும் படம் எடுத்து, கழுவித் துடைத்துச் சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாள்மேல் அடுக்கினேன். அந்த வாரங்களில் நாங்கள் சோபாவில் இருந்து மடியில் சோற்றுக் கோப்பை வைத்துச் சாப்பிட்டோம். அவர் போகும்போது வரும்போது மேசையை ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான்.

மின்மாற்றி எரிந்து கறுத்திருந்தது, புதிது போட்டேன். சூடேறும் பழைய குமிழ்விளக்குகளை எடுத்துவிட்டு எல்ஈடி வைத்தேன். காசு இறங்கும் பாதையில் ஒரு வளைந்த துண்டு உடைந்து போயிருந்தது. அது இப்போது எங்கும் விற்பனைக்கு இல்லை. மேல்மாடியில் இருந்த தமிழ்நாட்டுத் தம்பி, கணினி நிறுவனத்தில் வேலை பார்ப்பவர், தன் வீட்டில் முப்பரிமாண அச்சு இயந்திரம் வைத்திருந்தார். உடைந்த துண்டுகளை ஒட்டி அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அளந்து வரைந்து, புதிதாக ஒன்று அச்சடித்து எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். அச்சாகப் பொருந்தியது.

"அக்கா, உள்ள ஒரு சின்ன போர்டு வச்சிட்டா மொபைல்லயே ஓட்டலாம். சவுண்டு கூட மாத்திக்கலாம்" என்றார் உற்சாகமாக.

"வேண்டாம் தம்பி. அதின்ரை சத்தம் அதுக்கு இருக்கட்டும்."

"அதின்ரை" என்பதை அவர் ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர்களுடைய "வச்சிட்டா" எங்களுக்கு விளங்கும். எங்களுடையதை அவர்கள் கொஞ்சம் மென்றுதான் விழுங்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் எல்லாவற்றையும் பூட்டி முடித்தேன். காசுக்குப் பழைய ஒரு குரோனர் நாணயங்களை எங்கிருந்தோ தேடி எடுத்து வைத்திருந்தேன். இப்போது கடையில் எடுக்காத செல்லாக்காசு. ஒன்றைப் போட்டுக் கையை இழுத்தேன். சில்லுகள் சுழன்றன. டக், டக், டக் என்று ஒவ்வொன்றாக நின்றன. விளக்குகள் எரிந்தன. எனக்கு வாயெல்லாம் பல். திரும்பத் திரும்ப இழுத்தேன்.

அவர் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். கத்திச் சத்தம் நின்றது.

"மூண்டாவது அவசரப்படுது" என்றார் அங்கிருந்தபடியே.

"என்ன?"

"மூண்டாவது சில்லு. முந்தி நிக்குது. இன்னொருக்கா இழும்."

இழுத்தேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாசற்படியில் நின்றார். பெட்டியைப் பார்க்கவில்லை, தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"முதலாவது நிக்கும். ரெண்டாவது நிக்கும். பிறகு ஒரு மூச்சு விடுற நேரம் இருக்கும். அதுக்குப் பிறகுதான் மூண்டாவது நிக்க வேணும். இதிலை அந்த மூச்சு இல்லை."

கழற்றிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. மூன்றாவது சில்லை நிறுத்தும் நெம்புகோலுக்கு நான் போட்ட புதிய ஸ்பிரிங் தேவைக்கு மேல் விறைப்பாக இருந்தது. மெல்லிய ஒன்றை மாற்றிப் பூட்டி இழுத்தேன். டக், டக். பிறகு அந்த இடைவெளி. நான் என்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதை உணர்ந்தேன். அதன் பிறகு, டக்.

"ஓம், இப்ப சரி" என்றார். வந்து கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். "அந்த இடைவெளிக்குத்தான் நான் நிண்டனான். காசுக்கெண்டு நீர் நினைச்சிருப்பீர். வெல்லிறதுக்கும் தோக்கிறதுக்கும் இடையிலை ஒரு கொஞ்ச நேரம் தலைக்குள்ளை ஒண்டுமே இருக்காது. வீட்டு யோசனை இல்லை, ஊர்ப் பிரச்சினை இல்லை, விசாக் கடிதம் இல்லை. ஒண்டுமே இல்லை."

நான் திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷமும் காசுதான் காரணம் என்றே நினைத்திருந்தேன். பின்கதவு இன்னும் திறந்திருந்தது. அவரை எழுப்பிக் கொண்டுவந்து, அந்த மூச்சு எங்கே உண்டாகிறது என்று காட்டினேன். விரல் நீளத்தில் ஒரு நெம்புகோல், அதில் ஒரு ஸ்பிரிங். குனிந்து பார்த்தார்.

"இவ்வளவுதானோ?"

"இவ்வளவுதான்."

விரலால் அந்த ஸ்பிரிங்கை ஒருமுறை சுண்டிவிட்டுச் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் அடக்கமாட்டாமல் சிரித்தேன். அடுப்பில் மெல்லிய சூட்டில் வைத்திருந்த எண்ணெய் புகையத் தொடங்கிய பிறகுதான் குசினி ஞாபகம் வந்தது.

அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து மேல்மாடித் தம்பியையும் அவர் மனைவியையும் சாப்பிடக் கூப்பிட்டோம். தம்பி தான் அச்சடித்த துண்டு வழியாகக் காசு இறங்குவதைக் கைவிளக்கு அடித்துப் பார்த்தார். மனைவிக்கு இரண்டாவது இழுப்பிலேயே மூன்று சில்லிலும் மணி விழுந்து செல்லாக்காசு கலகலவென்று கொட்டியது.

"அண்ணா, நீங்க ஒரு தடவ இழுங்க" என்றார் தம்பி.

எனக்குச் சோற்றுக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது.

"நான் கப்பலிலை வேலை செய்யேக்கை கனக்க இழுத்திட்டன், தம்பி" என்றார் அவர் சாதாரணமாக. "குடும்பமே போகப் பாத்தது. இவ துறைமுகத்துக்கு வந்து மறிச்சபடியாலை தப்பினனான். நீங்கள் விளையாடுங்கோ. எனக்குச் சத்தம் கேட்டாலே காணும்."

தம்பியின் மனைவி என்னைப் பார்த்தாள். நான் என் வீட்டுக்காரரின் கோப்பையில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன். மேசையில் ஒருவரும் சங்கடப்படவில்லை. பேச்சு கப்பல் சமையலுக்குப் போனது. புயலில் சூப் சட்டியை எப்படிப் பிடிப்பது என்று அவர் எழுந்து நின்று நடித்துக் காட்டினார்.

போன மாதம் ட்ராம்மன் நகரில் ஒருவர், நான் பெட்டி திருத்தியதைக் கேள்விப்பட்டு, தன்னிடமும் ஒரு பெட்டி பழுதாகிக் கிடப்பதாகத் தொலைபேசியில் சொன்னார். விலாசத்தை எழுதிக்கொண்டு தொலைபேசியை வைக்கப் போனேன்.

"சில்லு சுத்துதோ எண்டு கேளும்" என்றார் பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர். "சுத்தினால் எனக்கும் வேலை இருக்கு."

மழை பெய்துகொண்டிருந்தது. காரின் பின்சீட்டை மடக்கிப் பழைய போர்வையை விரித்தோம். அவர்தான் ஓட்டினார்.