சுபாங்கியின் autumn, மீராவின் fall

"மிஸ், autumn சரியோ, fall சரியோ?" நல்லூரில் ஆங்கிலம் படிப்பித்த காலத்தில் எனக்கு எரிச்சல் மூட்டிய கேள்வி இது. என் வகுப்பில் பாதிப் பேர் கனடாவுக்குப் போகக் காத்திருப்பவர்கள், மீதிப் பேர் லண்டனுக்கு. "போற இடத்திலை கேளுங்கோ" என்று வெட்டிவிடுவேன்.

சுபாங்கியிடம் அப்படிச் சொல்ல முடியவில்லை. தெல்லிப்பழைப் பிள்ளை. மனைவியை இழந்த ஒருவரைக் கலியாணம் செய்து, விசாவுக்குக் காத்திருந்தாள். கனடாவில் அவரோடு ஏழு வயது மகள், மீரா. தமிழ் தெரியாது. போனில் சுபாங்கியைக் கண்டால் ஒரு "ஹாய்", அவ்வளவுதான்.

"இலை ஒட்டின படம் காட்டினவள் மிஸ். 'வடிவான autumn' எண்டு இங்கிலிஷிலை சொன்னன். 'இது fall' எண்டிட்டுப் போட்டாள். என்னை அவளுக்குப் பிடிக்கேல்லை."

அழுதுவிட்டாள். எனக்கும் மனம் கேட்கவில்லை.

"ரெண்டும் ஒரே பருவம்தான் பிள்ளை. Autumn லண்டன்காரற்றை சொல்லு. அறுவடை, பழுத்த பழம், மஞ்சள் வெயில் எல்லாம் அதுக்குள்ளை கிடக்கு. Fall எண்டால் இலை கொட்டுறது. அங்கத்தைப் பிள்ளையளுக்கு அதுதான் வாயிலை வரும்."

மாசியில் வேம்புகள் கொட்டத் தொடங்கின. மஞ்சள் இலைகள் ஜன்னலால் வந்து கொப்பிகளில் மெல்ல இறங்கின. ஒருவரும் தட்டிவிடவில்லை. நானும் பாடத்தை மறந்து பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரமோ தெரியாது.

ஒரு திங்கட்கிழமை சுபாங்கி சிரித்தபடி வந்தாள்.

"நேற்று முற்றம் கூட்டேல்லை மிஸ்."

விடிய முற்றம் கூட்டாத வீட்டை எங்கள் பக்கத்தில் ஊரே கதைக்கும். "இது வீடோ, காடோ?" என்று தாய் பேசினாவாம். இவள் கேட்கவில்லை. இலையெல்லாம் கையாலேயே நடுமுற்றத்தில் குவித்துவைத்து, பின்னேரம் மீராவுக்குப் போனைத் திருப்பிக் காட்டியிருக்கிறாள். அங்கே ஒரே பனி. இங்கே வேம்பு சொரிந்துகொண்டிருந்தது.

"'உங்கை இப்பத்தான் fall-ஓ? குவியலுக்குள்ளை பாயுங்கோ, பாயுங்கோ!' எண்டு இங்கிலிஷிலை கத்தினவள். அங்கத்தைப் பிள்ளையள் அப்பிடித்தானாம் விளையாடுறது."

"பாய்ஞ்சனியோ?"

"ஓம் மிஸ், சீலையோடை! அம்மா விளக்குமாறோடை பார்த்துக்கொண்டு நிண்டவா."

என்ன ஆச்சரியம்! இத்தனை வருஷம் படிப்பித்த எனக்கு அன்றுதான் விளங்கியது. Autumn தள்ளி நின்று ரசிக்கிற சொல், fall இறங்கி விளையாடுகிற சொல். இப்போது யார் கேட்டாலும் இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

"பிறகு?" என்றேன்.



"போனை வைக்கப் போனன் மிஸ். 'நாளைக்கும் எடுப்பியளோ?' எண்டு அவளாத்தான் கேட்டவள்."