ஏழடுக்கு ப்ளேடும் இடது முழங்காலும்

லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர் போகிற கட்டடத்தில் லிஃப்ட் ஓடாது. ஓடினால் அவரை எதற்குக் கூப்பிடப் போகிறார்கள்? ஊராருக்கு ஏறி இறங்கும் சிரமம் இல்லாமல் செய்வதற்காக இருபத்தாறு வருடமாக அவர் மட்டும் படியேறிக்கொண்டிருந்தார். ஐம்பத்திரண்டு வயதில் அவருக்கு மூச்சு வாங்காத தளம் ஒன்றுதான், அது தரைத்தளம்.

அப்படிப்பட்டவர் வாரத்தில் மூன்று மாலை டேபிள் டென்னிஸ் ஆடப் போவார். உட்கார வேண்டிய நேரத்தில் எதற்கு இந்த ஓட்டம் என்று மனைவி கேட்டால், "களைப்பு போகத்தான்" என்பார். "போச்சா?" என்பாள். துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய்விடுவார்.

அந்தக் களைப்புதான் அவரை விளையாட்டுச் சாமான் கடைக்கு இழுத்துப் போனது. ரப்பர் ஒட்டாத வெறும் மட்டையை ஆட்டக்காரர்கள் ப்ளேடு என்பார்கள். அவரிடம் இருந்தது ஐந்தடுக்கு மரத்தாலான பழைய ப்ளேடு. கடைக்காரர் எடுத்துக் காட்டியது ஏழடுக்கு: ஐந்து மரம், நடுவில் இரண்டு கார்பன் இழை. பெட்டியின் மேல் 'குறைந்த உழைப்பு, கூடுதல் வேகம்' என்று அச்சிட்டிருந்தது. இந்த இரண்டையும் சேர்த்துத் தருவதாக அதுவரை அவருக்கு யாரும் வாக்குக் கொடுத்ததில்லை. பத்து நாள் ஆடிப் பார்க்கலாம், சிராய்ப்பு இல்லாமல் கொண்டுவந்தால் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்றார் கடைக்காரர்.

வீட்டில் சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்து, பழைய மட்டையின் ரப்பரை ஓரத்திலிருந்து மெல்ல உரித்தார்.

"சாப்பிடுற இடத்துல என்ன இது?"

"ரப்பர் மாத்துறேன்."

"குளியலறைக் குழாய் ஒரு மாசமா சொட்டுது. அதுக்குள்ள இருக்குற ரப்பரும் தேய்ஞ்சு போச்சு. அதை மாத்த உங்களுக்கு நேரமில்ல."

"அது தண்ணிக் குழாய். நான் லிஃப்ட் மெக்கானிக்."

புதிய ப்ளேடை விரல் முட்டியால் தட்டினார். பழையது 'டொக்' என்னும். இது 'டிக்' என்றது. சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்வது அவர் பிழைப்பு. இதில் கோளாறு ஏதும் கேட்கவில்லை. அதுவே அவருக்குச் சற்று உறுத்தியது.

திங்கட்கிழமை கிளப் செயலாளரோடு தனி ஆட்டம் ஆடினார். செயலாளர் ஓய்வுபெற்ற ஓவிய வாத்தியார். ஆறு வருடமாக இவரிடம் தோற்றதில்லை. முதல் கால் மணி நேரம் பந்து மேஜையில் படவே மாட்டேன் என்றது. வலைக்குப் பக்கத்தில் மெதுவாக வைத்த பந்துகள்கூட எகிறிக் குதித்து, அடித்துக்கொள் என்று எதிராளிக்குத் தலைகாட்டின. பிறகு பிடியைத் தளர்த்தினார். எதிராளி ஓங்கி அடித்தால் மட்டையைச் சும்மா காட்டினால் போதும், பந்து வந்த வழியே சீறிக்கொண்டு திரும்பியது. மூன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தார். சட்டை பாதிதான் நனைந்திருந்தது.

"என்னய்யா அது, மட்டையா கவணா?"

"சும்மா ஆடிப் பாக்குறேன் சார்."

"பாத்தது போதும், வச்சுக்க. லீக்ல தனி ஆட்டத்துக்கு மூணாவது ஆள் நீதான்."

"அப்ப ஜோடி?"

"ஒரு ஆளுக்கு ஒரு இடம்தானேய்யா? ஜோடிக்குத்தான் பேங்க் பசங்க ரெண்டு பேர் வரிசையில நிக்கிறாங்களே."

இரட்டையர் ஆட்டத்தில் பதினான்கு வருடமாக அவருக்கு ஜோடி, மனைவியின் அண்ணன். மருந்துக்கடைக்காரர். அந்த வருட லீக்கில் ஜோடியாக ஆடப்போவது மச்சான் மாப்பிள்ளையா, பேங்க் ஜோடியா என்பதை ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிவு செய்யும். தோற்றால் மருந்துக்கடைக்காரருக்குக் கிளப்பில் வேறு இடம் கிடையாது. ஸ்கோர் பலகையைத் திருப்பலாம்.

புதன்கிழமை இருவரும் பயிற்சிக்கு நின்றார்கள். இரட்டையர் ஆட்டத்தில் ஆளுக்கொரு அடி. ஒருவர் அடித்ததும் விலக வேண்டும், மற்றவர் அந்த இடத்துக்கு வர வேண்டும். புதிய ப்ளேடில் பட்ட பந்து பாய்ந்து போனது உண்மை. அதே வேகத்தில் திரும்பியும் வந்தது. மருந்துக்கடைக்காரர் வந்து சேர்வதற்குள் பந்து சுவரைத் தொட்டுவிட்டது.

"மச்சான், தூங்குறீங்களா?"

"நீங்க ரயிலை அனுப்பிட்டு என்னை நடந்து வரச் சொன்னா எப்படி மாப்ள?"

அடுத்த பந்துக்கு லிஃப்ட்காரர் பந்தைப் பார்க்கவில்லை, காதைக் கொடுத்தார். மச்சானின் வலது ஷூ 'கீச்' என்றது. இடது ஷூ 'சரக்' என்று இழுபட்டது. மோட்டார் நன்றாக இருக்கும், பேரிங் தேய்ந்திருக்கும். இந்தச் சத்தத்தை அவர் எத்தனையோ கட்டடங்களில் கேட்டிருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கேட்டார்.

"உங்க அண்ணனுக்கு முழங்கால்ல என்ன?"

அவள் பாத்திரத்தை வைத்துவிட்டுத் திரும்பினாள். "யார் சொன்னா?"

"அவர் ஷூ சொல்லிச்சு."

"ரெண்டு மாசமா பட்டை கட்டிக்கிட்டுத்தான் கடையில நிக்கிறாரு. உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

ஊரார் முழங்காலுக்கெல்லாம் களிம்பு கொடுக்கிறவர், தன் காலை மட்டும் ஒளித்து வைத்திருந்தார்.

மறுநாள் லிஃப்ட்காரர் ஒரு கட்டடத்தில் ஒன்பது மாடி ஏறினார். ஒவ்வொரு மாடியிலும் அந்தப் பாதி நனைந்த சட்டை ஞாபகம் வந்தது. கீழே இறங்கியவர் நேராகக் கடைக்குப் போய் ப்ளேடைத் திருப்பிக் கொடுத்தார். புதுச் சாமான் எதையும் ஆடிப் பார்த்தவர் தன் கருத்தை எழுதி வைக்க கிளப்பில் ஒரு நோட்டு உண்டு. அதில், 'வேகம் நன்று. கட்டுப்பாடு போதாது. நமக்கு ஆகாது' என்று எழுதினார். முதல் வாக்கியம் உண்மை. இரண்டாவது பொய். மூன்றாவதை எதில் சேர்ப்பது என்று அவருக்கே தெரியவில்லை.

ஞாயிறு காலை பழைய மட்டையால் பந்தை உயர்த்தி, ஆழமாக, ஆடி அசைந்து போகிற மாதிரி அனுப்பினார். மச்சான் நிதானமாக நொண்டி வந்து சேர்ந்தார். பேங்க் ஜோடி முதல் இரண்டு செட்டை வாரிக்கொண்டு போனது. பிறகு பொறுமையிழந்து, கவுண்டரில் கூட்டம் நெருக்குவது போல அவசர அவசரமாக அடித்து வெளியே தள்ளியது. ஐந்தாவது செட் பன்னிரண்டுக்குப் பத்து. கிழடுகள் ஜெயித்துவிட்டன.

மருந்துக்கடைக்காரர் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்தார். முகத்தில் ஜெயித்த களை ஒரு சொட்டு இல்லை.

"அதை ஏன் மாப்ள திருப்பிக் குடுத்தீங்க?"

"எழுதி வச்சேனே. கட்டுப்பாடு இல்ல."

"படிச்சேன். உங்களுக்குப் பொய் எழுத வரல. நீங்க தனி ஆட்டத்துக்குப் போயிருந்தா, ஜோடி இல்லன்னு நானும் கௌரவமா உட்கார்ந்திருப்பேன். ரெண்டு மாசமா அதுக்குத்தான் வழி தேடிக்கிட்டிருந்தேன்."

"வாயைத் திறந்து சொல்லலாம்ல?"

"தங்கச்சி புருஷனை நடுவழியில விட்டுட்டேன்னு பேர் வரவா? நீங்க சொல்லியிருக்கலாம்ல, முழங்கால் விஷயம் தெரியும்னு?"

"சத்தியம் வாங்கினது நீங்க. அதை உங்க தங்கச்சி உடைச்சது வெளியே தெரிஞ்சா, என் வீட்டுல யார் பேச்சு வாங்குறது?"

செயலாளர் லீக் அட்டவணையோடு வந்தார். பதினெட்டு ஞாயிற்றுக்கிழமைகள்.

"முதல் ஆட்டம் அடுத்த வாரம். எதிர் கிளப்போட ஹால் நாலாவது மாடி."

"லிஃப்ட் இருக்கா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"இருக்கு. ஓடலையாம்."

மச்சான் தன் முழங்காலைப் பார்த்தார், பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"ஆட்டம் எத்தனை மணிக்கு சார்?" என்று லிஃப்ட்காரர் கேட்டார்.

"பத்துக்கு."

"எட்டுக்கே கதவைத் திறந்து வைக்கச் சொல்லுங்க. மோட்டார் ரூம் சாவியும் வேணும்."