பரோட்டாக் கடைக்காரன் மகனுக்குச் சத்துக் குறைவு

பனச்சமூட்டில் என் கடை முன்னால் ஆட்டோவை நிறுத்திய மணியன், இறங்காமலே கத்தினான்: "அண்ணே, ஒமக்க எதிரி போயாச்சு. லில்லிபாய் மேடம் மரிச்சுப் போனாவ."

கையில் பரோட்டா மாவோடு நின்றேன். அழுகைக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது. அவரோடு எனக்கு இன்னும் சண்டை பாக்கி இருந்தது.

அஞ்சலிக் குறிப்பில் செத்தவரைப் பற்றி நல்லது மட்டும் எழுத வேண்டுமாம். லில்லிபாயை அறிந்தவர்களுக்கு அதன் சிரமம் தெரியும். ஆஸ்பத்திரியில் அவர் டயட்டீஷியன், நோயாளிக்கு என்ன ஆகாரம் என்று தீர்மானிப்பவர். வாயைத் திறந்தால் வசவு.

சில வருடங்களுக்கு முன், வீட்டிலிருந்தே தனுவச்சபுரம் போய்ப் படித்துக்கொண்டிருந்த என் மகன் நியூமோனியா வந்து அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில், மூச்சு மெஷினில் கிடந்தான். லில்லிபாய் என்னையும் மனைவி சுகந்தியையும் வாசலிலேயே மறித்தார். "பையனுக்குச் சத்துக் குறைவு உண்டு. மோசமாக்கும்."

நான் பத்தாம் வகுப்பில் தோற்றவன். ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் என் வயிறே கடையின் விளம்பரப் பலகை. "எனக்க மோனுக்கா? ஊருக்கே தீனி போடுதவன் நானாக்கும். கன்னம் உப்பி ராசா மாதிரி கெடக்கான், பாரும்!"

"அது சதையில்ல ஓய், வெள்ளம். நீரு கோத்த வீக்கமாக்கும்."

உள்ளே இழுத்துப் போய், மகனின் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினார். குழி விழுந்தது, நிரம்பவே இல்லை. பிறகு என் விரலைப் பிடித்து அவன் நெற்றிப்பொட்டில் வைத்தார். சதையே இல்லாமல் எலும்பு தட்டுப்பட்டது. "வெள்ளத்தையும் சேத்துக் கட்டில் தராசு காட்டுத எடைய நம்பினா ஏமாந்து போவோம். சீக்கு வந்து படுக்கதுக்கு முன்ன என்ன தின்னான்?"

"பரோட்டா, பீஃப்..."

"பொய் சொல்லாதியும்," சுகந்தி அழுதாள். "மூணு வாரமா கஞ்சித் தண்ணிதானே குடிச்சான்."

லில்லிபாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஊருக்கெல்லாம் வெளம்புதீரு. சொந்த மோனுக்க எல காலியா கெடந்தது கண்ணுல படல்லியோ?"

இதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மூக்குக் குழாயில் துளித்துளியாக ஆகாரம் தொடங்கினார். அதற்கும் சண்டை போட்டேன். "சத்தில்லன்னு சொல்லிட்டு, கோழிக்குஞ்சுக்கு ஊட்டுதது மாதிரி குடுக்குதிய?"

"பட்டினி கெடந்த ஒடம்புல ஒண்ணா ஊத்தினா நெஞ்சு நின்னு போவும். பேசாம வெளிய நில்லும்."

ஸ்கேனுக்காகக் காலையில் நிறுத்திய ஆகாரத்தைச் சாயங்காலம்வரை யாரும் திரும்பத் தொடங்காத அன்று, பெரிய டாக்டரையே வராந்தாவில் பிடித்துக்கொண்டார். "மெஷின எடுத்தா மூச்சு இழுக்கதுக்கு நெஞ்சுல சதை வேணும் சாரே. சதைய கடையில வாங்குவியளா?" டாக்டர் முகம் சிவந்து போனார். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று ரசித்தேன்.

மெஷினை எடுத்ததும் மகன் தானாக மூச்சு விட்டான். நன்றி சொல்லப் பரோட்டாப் பொதியோடு போனேன். "இதத் தின்னுதான் ஒமக்க வயிறு இப்பிடி இருக்கு. கொண்டு போவும்." அதோடு நாங்கள் பேசியதில்லை.

லில்லிபாயின் அடக்கம் முடிந்த மறுநாள், வேறொரு ஆஸ்பத்திரியில் மச்சானைப் பார்க்கப் போனேன். நினைவின்றிக் கிடந்தார், மூக்கில் குழாய், குழாயில் ஒன்றுமில்லை. "நல்ல தடியுண்டல்லோ, பேடிக்கண்டா," என்றாள் நர்ஸ் மலையாளத்தில்; ஆள் நல்ல பருமன்தானே, பயப்பட வேண்டாம் என்று.

"தடி கெடக்கட்டும். ஆகாரம் எப்போ நிறுத்தினிய? யாரு சொல்லி நிறுத்தினிய? இனி எப்போ தொடங்குவிய?" வராந்தா முழுக்கக் கேட்டது. சுகந்தி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் நகரவில்லை.

நர்ஸ் என்னைப் பார்த்த பார்வையில் அத்தனை வெறுப்பு. முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் டாக்டரைக் கூட்டி வந்தாள். கொஞ்ச நேரத்தில் குழாயில் வெள்ளையாக ஏதோ இறங்கத் தொடங்கியது.

லில்லிபாயிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்: அப்படிப்பட்ட பார்வையை வாங்கிக்கொண்டு அங்கேயே நிற்பது.