அண்ணாச்சிக்குக் கேட்ட மருந்து

என் கணவருக்கும் வடகரைக்கார அண்ணாச்சி ஒருவருக்கும் நுரையீரல் புற்றுநோய். இருவருக்கும் மதுரையில், கட்டியை எதிர்க்க உடம்பைத் தூண்டும் ஒரே தடுப்பூசி சிகிச்சை. தென்காசியிலிருந்து சேர்ந்தே ரயிலில் போவோம். நாலாவது ஊசிக்குப் பிறகு அண்ணாச்சியின் கட்டி சுருங்கியிருந்தது. இவருடையது வளர்ந்திருந்தது.

"மருந்தில் குறையில்லை. உங்கள் மரபணு வேறு மாதிரி. இந்த ஊசி உங்களுக்குக் கேட்காது," என்றார் டாக்டர்.

"பீடியை விட்டேன், தெனமும் குத்தாலம் வரைக்கும் நடந்தேன். அதுக்கெல்லாம் ஒரு பலனும் இல்லையா சார்?" என்று இவர் கேட்டார். மறுநாளிலிருந்து இவர் நடக்கப் போகவில்லை.

சாரல் தொடங்கிய வாரம் இறந்துபோனார். துக்கம் கேட்க வந்த அண்ணாச்சி, மாடிப்படி ஏறியும் மூச்சு வாங்காமல் நின்று அழுதார். எனக்கு அவர்மேல் வெறுப்பு வந்தது.

"அழாதிய அண்ணாச்சி. உங்களுக்கு நல்லாயிட்டுல்லா," என்றேன். அவர் பிறகு வரவேயில்லை.