வட்டைக் காவல்காரர் நளீர் பற்றரி காத்த வரலாறு

வரிப்பத்தான்சேனை வயல் வட்டையில் யானைக்கும் பன்றிக்கும் பயந்து வேளாண்மை காக்கிறவர்கள் பலர் உண்டு. வேளாண்மையோடு சேர்த்துத் தன் போனின் பற்றரியையும் காத்தவர் சாய்ந்தமருது நளீர் ஒருவர்தான். யானை மிதித்த வயலுக்கு நட்டஈடு கேட்டு எழுதலாம். இறங்கிப்போன பற்றரிக்கு எந்தக் கந்தோரிலும் விண்ணப்பப் படிவம் இல்லை. இந்த உண்மையை அவர் தம் ஐம்பத்திரண்டாவது வயதில் தெளிவாக உணர்ந்திருந்தார்.

வயலில் அவர் தங்கும் வாடியில் கரண்ட் கிடையாது. சனிக்கிழமை காலையில் பக்கத்து வாடி ஜவுபரிடம் காவலை ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போவார். மகள் முஸ்பிறா தங்கியிருக்கும் சின்னம்மா வீட்டில் குளித்து, சோறு தின்று, போனை நூறு வரை ஏற்றிக்கொண்டு பொழுதுபட முன் திரும்பிவிடுவார். அந்த நூறு அடுத்த வெள்ளிக்கிழமை பகல் இரண்டரை மணிவரை தாக்குப்பிடிக்க வேண்டும். ரியாத்தில் ஒரு வீட்டில் வேலை செய்யும் மனைவி ஹப்ஸாவுக்கு, வீட்டு எஜமானர் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்வருகிற முக்கால் மணி நேரம்தான் போன் கையில் கிடைக்கும். அங்கே பன்னிரண்டு, இங்கே இரண்டரை. மற்ற நாட்களில் அது எஜமானியின் அலுமாரியில் கிடக்கும்.

நளீரின் போன் பழையது. பற்றரி அதைவிடப் பழையது. கல்முனை பஸாரில் போன் திருத்தும் சப்ரி அதைத் திறந்து பார்த்துவிட்டு, நோயாளியின் வீட்டாரிடம் டாக்டர் கதைக்கிற குரலில் சொன்னான்:

"காக்கா, இதுக்கு வயசு போயிற்று. இந்த மொடலுக்குப் புதுப் பற்றரி இப்ப வாறல்ல. இருக்கிறதப் பக்குவமாப் பாவிங்க."

அந்தப் பக்குவத்தை நளீர் நோன்பு நோற்பது போல நோற்றார். திரையின் வெளிச்சத்தைக் குறைத்தார்; பகலில் போனைப் பார்க்கச் சாரனைத் தலைக்குமேல் மூடிக்கொள்ள வேண்டிய அளவுக்குக் குறைத்தார். அதிர்வை நிறுத்தினார். இடம் காட்டுவதை நிறுத்தினார். தான் வட்டையில் கிடப்பது தனக்கே தெரியும்போது போனுக்கும் தெரிந்து என்ன ஆகப்போகிறது. சூடு பற்றரிக்கு ஆகாது என்று சப்ரி சொன்னதால் போனைத் துணியில் சுற்றிக் குடத்து நிழலில் வைத்துவிட்டுத் தான் வெயிலில் நின்றார். யானை வந்தாலும் போனில் டோச் அடிப்பதில்லை. யானைக்குக் கண் தெரியும். பற்றரியில் நூற்றுக்கு ஒரு வீதம் மிஞ்சினால் ஹப்ஸாவோடு ஒன்றரை நிமிடம் கூடுதலாகக் கதைக்கலாம் என்பது அவர் கண்டறிந்த விதி.

ஜும்ஆவுக்கு வரிப்பத்தான்சேனைப் பள்ளிக்குச் சைக்கிளில் போவார். அங்கே தூணுக்குத் தூண் பிளக் உண்டு.

"காக்கா, ஒரு பத்து நிமிசம் செருகுங்களன்," என்பான் ஜவுபர், தன்னுடையதைச் செருகிக்கொண்டே.

"பள்ளிக் கரண்ட் வக்ஃபுடா. தொழுறத்துக்குத் தந்தது. பொஞ்சாதியோட கதைக்கிறத்துக்கா தந்த?"

"அப்ப ஃபேனுக்குக் கீழதானே வந்து இரிக்கீங்க?"

"அது தொழுகைக்கு."

"குத்பா ஓதக்குள்ள நித்திர கொள்ளுறீங்களே, அதுவும் தொழுகைக்கா?"

நளீர் தூணை விட்டு நகர்ந்து, தொழுகைக்கு முன் ஓதும் குத்பாப் பிரசங்கத்துக்காக உட்கார்ந்தார். பத்து நிமிடக் கரண்டுக்காக மறுமையில் நிற்க வேண்டிய வரிசை மிக நீளமானது என்று அவர் நம்பினார்.

ஹப்ஸா போய் நான்கு வருடம். முஸ்பிறாவுக்குச் சீதனமாகக் கொடுக்க வேண்டிய வீட்டுக்காகப் போனவள். வீடு கூரை இல்லாமல் நிற்கிறது. போன வெள்ளிக்கிழமை, சிக்னலுக்காக மருத மரத்தில் ஏறியிருந்த நளீரிடம் அவள் கேட்டாள்:

"மச்சான், எக்ரிமென்ட் முடியிது. இன்னும் ரெண்டு வருசம் நிக்கச் சொல்லுறா மெடம். எனக்கு முழங்கால் ஏலா. வீட்டையும் நினைக்கன். வரட்டா, நிக்கட்டா? நீங்க வா எண்டா வந்திருவன்."

"ஹப்ஸா, நான் என்ன சொல்லுறண்டா..." என்று நளீர் தொடங்கினார். போன் செத்தது.

அவர் சொல்ல இருந்தது ஒரே சொல். வா. ஓரெழுத்துச் சொல். அதற்கு அரை வீதம்கூடத் தேவைப்பட்டிராது. நளீரோ இருந்ததை முன்னுரையில் செலவழித்துவிட்டார்.

மறுநாள் ஊரில் போனை ஏற்றும்போது, "வாப்பா, உம்மாக்கு ஒரு வொய்ஸ் போட்டு உடுங்களன்," என்றாள் முஸ்பிறா. அவள் பக்கத்தில் நின்றாள். அவளுக்கான வீடு கூரையில்லாமல் கிடக்கட்டும் என்று அவள் காதுபடச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எப்படியும் வெள்ளிதானே கேட்கப்போகிறாள், அன்றைக்கே ஆறுதலாகச் சொல்வோம் என்று வட்டைக்குத் திரும்பினார். இந்த முறை ஒரு வீதமும் வீணாகக் கூடாது என்று போனை முழுதாகவே அணைத்தார். ஆறு நாள் அணைந்தே கிடந்தது. ஆறு நாளும் அவர் வரம்பில் நடந்துகொண்டு "வா" என்பதைச் சொல்லிப் பழகினார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து, மரத்தில் ஏறிப் போனைத் திறந்தார்.

"எண்பத்தொண்டுடா," என்றார் கீழே பார்த்து.

"அப்ப இனி எறங்காதீங்க," என்றான் ஜவுபர். "சோத்த மேல அனுப்புறன்."

அதற்குள் வொய்ஸ் மூன்று வந்து விழுந்தன. மூன்றும் செவ்வாய்க்கிழமை அனுப்பியவை.

"மச்சான், மெடம் போனத் தந்து இண்டைக்கே கேட்டுச் சொல்லட்டாம். ஒங்கட போன் ஓவ். மறுகா எடுக்கன்."

"இன்னும் ஓவ்தான் மச்சான். முஸ்பிறாக்கு எடுத்தன். வாப்பாட போன் எப்பயும் ஓவ்தான், வாப்பாட்டயே கேளுங்க எண்டிட்டா."

மூன்றாவதைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டார்.

"போன வெள்ளியும் நான் கேக்கக்குள்ள கட் பண்ணிட்டீங்க. இண்டைக்கும் ஓவ். வா எண்டு சொல்ல ஒங்களுக்கு விருப்பமில்ல எண்டு வெளங்கிட்டு. பரவால்ல மச்சான். புள்ளைக்கி வீடு வேணும்தானே. ஒப்பம் வெச்சிட்டன்."

இரண்டரைக்குப் போன் அடித்தது.

"நான் கட் பண்ணல்லகா," என்றார் நளீர். "பற்றரி செத்துட்டு."

"ஓம் மச்சான்."

"வா எண்டுதான் சொல்ல வந்த நான்."

"ஓம், ஓம்," என்றாள் ஹப்ஸா, காய்ச்சல்காரனின் பிதற்றலுக்கு ஆம் போடுவது போல. "ரெண்டு வருசம்தானே. கடுதாசியும் போயிற்று. சார்ஜ் இரிக்கா இப்ப?"

"இரிக்கி. எழுவத்தாறு."

"அப்ப கதைங்க."

நளீர் கதைக்கத் தேடினார். கதிர் பறிந்து வெளியே வந்துவிட்டது என்றார். ஆ என்றாள். பன்றி ஒரு மூலையைக் கெடுத்துவிட்டது என்றார். ஆ என்றாள். மழை இல்லை என்றார். இரண்டு பக்கமும் மூச்சு மட்டும் கேட்டது. இணைப்பு அருமையாக இருந்தது.

"மச்சான், அவங்க பள்ளியால வந்துட்டாங்க. வைக்கன்."

நளீர் சாரனால் தலையை மூடி நேரம் பார்த்தார். இரண்டு நாற்பத்தெட்டு. ரியாத்தில் இன்னும் குத்பாவே முடிந்திருக்காது.